மூச்சை எண்ணும் ஒரு நிமிடம்

சில வருஷங்களுக்கு முன் ஒரு மருத்துவமனை வார்டில், கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு ஒரு செவிலியரின் பின்னாலேயே மூன்று நாள் நடந்தேன். அவர் ஒவ்வொரு வேலையையும் எப்போது தொடங்குகிறார், எப்போது முடிக்கிறார் என்று பதிவதுதான் எனக்குக் கொடுத்த பொறுப்பு. திரையில் நானே தயாரித்த பட்டியல் இருந்தது: மருந்து கொடுத்தல், வைட்டல்ஸ் (பிபி, நாடி, டெம்பரேச்சர் போன்றவை) பார்த்தல், எழுத்து வேலை, நடத்தல், பேசுதல், தொலைபேசி, இடைவேளை. எதிலும் சேராததற்குக் கடைசியில் ஒரு பொத்தான், 'வேலை இல்லை'. இரண்டாம் நாள் மதியம் அந்தக் கடைசிப் பொத்தானை ஒரு முறை அழுத்தினேன். எத்தனையோ ஆயிரம் முறை பொத்தான் அழுத்தியிருக்கிறேன், எதுவும் நினைவில் இல்லை. அந்த ஒன்று மட்டும் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அதற்கு முன் ஆறேழு வருஷம் தொழிற்சாலைகளில் டைம் ஸ்டடி எடுத்துப் பழகியவன் நான். தையல் லைனில் ஒருவர் துணியை எடுப்பார், மெஷினில் வைப்பார், தைப்பார், நூலை வெட்டுவார், அடுத்த கூடையில் போடுவார். ஆரம்பமும் முடிவும் கண்ணுக்குத் தெரியும். அதே வேலை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை வரும், ஒரு சுற்றைத் தவறவிட்டால் அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தோடுதான் வார்டுக்குள் போனேன். நிர்வாகம் கேட்ட கேள்வியும் நியாயமான கேள்விதான்: ஆள் போதவில்லை என்று செவிலியர்கள் சொல்கிறார்கள், உண்மையிலேயே ஆள் போதவில்லையா, இல்லை இருக்கிற நேரம் எங்கேயாவது ஒழுகிப்போகிறதா? இப்படிக் கேட்பதே தப்பு என்பவர்கள் உண்டு. எனக்கு அன்றும் அப்படித் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. அளக்காத இடத்தில், சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதுதான் கணக்காகிவிடும். மருத்துவமனையில் செவிலியரின் குரல் சத்தமான குரல் இல்லை.

தறியும் செவிலியரும்

நேரத்தை அளக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, நான் செய்தது போல ஆளின் பின்னாலேயே போய் நிமிஷம் நிமிஷமாகப் பதிவது. இன்னொன்று ஒர்க் சாம்ப்ளிங். பிரிட்டிஷ் பருத்தி ஆலைகளுக்காக ஆராய்ச்சி செய்த புள்ளியியலாளர் டிப்பெட் 1930களில் பிரபலமாக்கிய முறை இது. தறியின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்க வேண்டாம். முன்கூட்டித் தீர்மானிக்காத நேரங்களில் எட்டிப் பார், அந்த நொடியில் ஓடுகிறதா நிற்கிறதா என்று குறித்துக்கொள், அவ்வளவுதான். போதுமான முறை எட்டிப் பார்த்தால் விகிதம் தானாகக் கிடைக்கும். ஐந்து சதவீதப் புள்ளி முன்பின் இருந்தால் பரவாயில்லை என்றால் 385 பார்வை போதும். மூன்றுக்குள் வேண்டுமென்றால் அது ஏறத்தாழ 1,070 ஆகிவிடும். வார்டுகளில் செய்யும் பெரிய ஆய்வுகள் பலவற்றில் இந்த முறையைத்தான் கையாள்கிறார்கள். ஒரே ஆளை விடாமல் துரத்துவதைவிட இதில் செலவும் குறைவு, பார்க்கப்படுகிறவருக்குத் தொந்தரவும் குறைவு.

ஆனால் இரண்டு முறைக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது. பார்க்கும் அந்த நொடியில் ஆள் ஏதாவது ஒரு வேலையைத்தான் செய்துகொண்டிருப்பார், அது வெளியே தெரியும் என்ற நம்பிக்கை. தறிக்கு அது சரி. தறி ஓடும், அல்லது நிற்கும்.

முதல் நாள் காலையிலேயே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. சிஸ்டர் ஒரு கட்டிலில் டிரிப் பாட்டில் மாற்றப் போனார். இடது கை ரோலரை மூடுகிறது, வலது கை புது பாட்டிலில் ஊசியைக் குத்துகிறது. கண் இரண்டிலும் இல்லை. கேனுலா, அதாவது டிரிப் ஏறும் சின்னக் குழாய், போட்ட கை வீங்கியிருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறது. வாய் "ராத்திரி தூங்குனீங்களாம்மா?" என்று கேட்கிறது. அந்த அம்மா சொல்லும் பதிலில் வலி எப்படி இருக்கிறது, பேசும்போது மூச்சு வாங்குகிறதா, நினைவு தெளிவாக இருக்கிறதா என்ற மூன்றும் வந்துவிடும். பாட்டிலை மாட்டிவிட்டுத் திரும்பும்போது தரையில் உரசிக்கொண்டிருந்த யூரின் பேகைத் தூக்கிக் கட்டில் கம்பியில் மாட்டினார். எவ்வளவு சேர்ந்திருக்கிறது, என்ன நிறம் என்று ஒரு பார்வை. டிரேயில் ஒட்டியிருந்த மைக்ரோபோர் டேப் துண்டில் அந்த அளவைக் குறித்துக்கொண்டார். எல்லாம் சேர்ந்து ஒன்றரை நிமிஷம் இருக்கலாம். நான் அழுத்தியது ஒரே பொத்தான், மருந்து கொடுத்தல்.

அன்றே இன்னொன்றும் நடந்தது. ஒரு நோயாளிக்கு இன்ஃப்யூஷன் பம்ப் வேண்டும், மருந்தைச் சீரான வேகத்தில் ஏற்றும் கருவி அது. வார்டில் இருந்த பம்ப் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. பக்கத்து வார்டுக்குப் போனார், அங்கே ஒன்று இருந்தது, அதன் வயரைக் காணவில்லை. திரும்பி வந்து ஸ்டோருக்குப் போன் செய்தார், இண்டென்ட் (பொருள் கேட்டு எழுதும் படிவம்) போட்டால்தான் தருவோம் என்றார்கள். இண்டென்ட் எழுதினார், கையெழுத்துக்குக் காத்திருந்தார். கடைசியில் இன்னொரு தளத்திலிருந்து தெரிந்த சிஸ்டர் ஒருவர் பம்பைக் கொடுத்தனுப்பினார். என் பதிவில் அது நடத்தல், நடத்தல், தொலைபேசி, எழுத்து வேலை, பேசுதல் என்று ஐந்து துண்டாக விழுந்து ஐந்து பெட்டியில் போய்ச் சேர்ந்தது. 'பம்ப் இல்லை' என்ற ஒரே காரணம் எந்தப் பெட்டியிலும் இல்லை. சாயங்காலம் வரைபடம் போட்டுப் பார்த்தால், இந்தச் சிஸ்டர் கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறார், கொஞ்சம் அதிகமாக நடக்கிறார் என்றுதான் தெரிந்தது.

அமெரிக்க மருத்துவமனைகளில் அனிதா டக்கரும் ஸ்டீவன் ஸ்பியரும் செய்து 2006-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைத்தான் பேசுகிறது. எட்டு மணி நேர ஷிஃப்டில் ஒரு செவிலியர் சராசரியாக 8.4 முறை இப்படிப்பட்ட ஏற்பாட்டுக் கோளாறில் மாட்டுகிறார்: மருந்து வரவில்லை, உபகரணம் இல்லை, தகவல் இல்லை. கிட்டத்தட்ட மணிக்கு ஒன்று. இதற்கு முன்பே டக்கரும் ஏமி எட்மண்ட்சனும் 2003-ல் எழுதியதில் இன்னொரு கவனிப்பு உண்டு. இந்தக் கோளாறுகளைச் செவிலியர்கள் பெரும்பாலும் தாங்களே சமாளித்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள், மேலே சொல்வதில்லை. அன்று பம்ப் கிடைத்தது தெரிந்த சிஸ்டரின் தயவால். அதனால் பம்ப் பிரச்சினை என்று ஒன்று நடந்ததே நிர்வாகத்துக்குத் தெரியாது. மறுநாள் இன்னொரு சிஸ்டர் அதே படியேறி அதே பம்பைத் தேடுவார். கெட்டிக்காரத்தனம் கோளாறை மறைத்துவிடுகிறது.

இரண்டாம் நாள் மதியம்

மதியம் வார்டு கொஞ்சம் அடங்கும் நேரம். சிஸ்டர் வைட்டல்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார். ஓரத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். பிபி பார்த்தார், டெம்பரேச்சர் பார்த்தார், மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்க்க அரை நிமிஷம் என்று எனக்கே பழகிவிட்டது. அரை நிமிஷம் ஆனது. அவர் கையை விடவில்லை. வாட்ச் கட்டிய கை அப்படியே இருந்தது, ஆனால் பார்வை மட்டும் தாழ்ந்து போர்வைமேல் எங்கேயோ நின்றது. முகத்தில் ஒன்றும் இல்லை. அசையவில்லை, பேசவில்லை. களைப்பாக இருக்கும், ஒரு நிமிஷம் நிற்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் பதிவு பதிவுதானே? 'வேலை இல்லை' என்று அழுத்தினேன்.

சற்று நேரத்தில் அவர் நேராக நர்சிங் ஸ்டேஷனுக்குப் போய்ப் போனை எடுத்தார். "டாக்டர், ஓரத்து பெட் தாத்தாவுக்கு மூச்சு இருபத்தாறு இருக்கு. காலையில பதினெட்டுதான். கொஞ்சம் வந்து பாருங்க." போனை வைத்ததும் கேட்டேன், மூச்சை எப்போது எண்ணினீர்கள் என்று.

"இப்பதான் சார். கையைப் பிடிச்சிட்டு நின்னேன்ல?"

"அது நாடி பார்த்தது இல்லையா சிஸ்டர்?"

"நாடி பாதியிலேயே முடிஞ்சிருச்சு. அப்புறம் கையை விடாம மூச்சை எண்ணினேன். எண்ணுறோம்னு தெரிஞ்சா அவங்களுக்கே தெரியாம மூச்சு மாறிடும் சார். அதனால நாடி பாக்குற மாதிரியே நிக்கணும். முதல் வருஷத்துலயே சொல்லிக்கொடுத்துருவாங்க."

சொல்லிவிட்டுக் கேஸ் ஷீட்டை எடுத்தார். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "நீங்க கூட வரும்போது நானும் கொஞ்சம் வேகமாத்தான் நடக்குறேன் சார்" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. நாடி இவ்வளவு, டெம்பரேச்சர் இவ்வளவு என்பது மாதிரி ஒரு தகவலாகத்தான் சொன்னார்.

பார்க்கிறோம் என்று தெரிந்தால் பார்க்கப்படுவது மாறும். இதை நான் ஒரு பாடமாகப் படித்துப் பரீட்சை எழுதியவன். 1920களின் நடுவில் தொடங்கி ஹாதோர்ன் தொழிற்சாலையில் நடந்த சோதனைகள், விளக்கு வெளிச்சம், தொழிலாளர்களின் உற்பத்தி, எல்லாம் மனப்பாடம். அந்தச் சிஸ்டர் அதை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கையால் செய்துகொண்டிருந்தார். அளக்கப்படும் ஆளைக் கலைக்காமல் எப்படி அளப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. அந்த வார்டில் அந்த நிமிஷத்தில் உருப்படியாக நடந்த ஒரே அளவீடு அவருடையது. அதைத்தான் நான் 'வேலை இல்லை' என்று எழுதினேன்.

மருத்துவர் வந்தார், பெரியவருக்கு ஆக்சிஜன் வைத்தார்கள், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். அதற்கப்புறம் நடந்தது அந்தக் குடும்பத்தின் விஷயம், இங்கே எழுதப்போவதில்லை. இரவு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு செவிலியர் கையில் 12 நோயாளிகள், ஷிஃப்டில் நான்கு முறை வைட்டல்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் மூச்சை முழு நிமிஷம் எண்ணினால் 48 நிமிஷம். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் 12 நிமிஷம். மிச்சம் 36 நிமிஷம். ஒரு ஷிஃப்டில் 36 நிமிஷத்தை மிச்சப்படுத்திக் காட்டினால் என் தொழிலில் கை தட்டுவார்கள், நானும் தட்டியிருப்பேன். ஆனால் பதினைந்து விநாடியில் ஐந்து மூச்சு என்றால் 20, ஆறு என்றால் 24. நடுவில் உள்ள 21, 22, 23 அந்த முறைக்குத் தெரியவே தெரியாது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் நிமிஷத்துக்கு 12-லிருந்து 20 வரைக்கும் புள்ளி பூஜ்யம், 21-லிருந்து 24 வரை இரண்டு புள்ளி, 25-ஐத் தொட்டால் மூன்று. ஒரே அளவில் மூன்று புள்ளி வந்தாலே நோயாளியை அவசரமாகப் பார்த்தாக வேண்டும். ஒரு மூச்சு விட்டுப்போனால் ஆள் ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு மாறிவிடுவார்.

நெருக்கடியான வார்டுகளில் சார்ட்டைப் புரட்டினால் மூச்சு எண்ணிக்கைப் பத்தியில் 20, 20, 20 என்று வரிசையாக இறங்குவதைப் பார்க்கலாம். பிபி ஏறி இறங்கியிருக்கும், நாடி மாறியிருக்கும், மூச்சு மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி. அதை எழுதிய செவிலியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்கு அந்த ஒரு நிமிஷம் இருந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். பிபிக்கும் சாச்சுரேஷனுக்கும் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) மெஷின் இருக்கிறது, மெஷின் காட்டும் நேரம்தான் செலவு. மூச்சுக்குச் சாதாரண வார்டில் ஒரு மனிதர் சும்மா நிற்பது போல நிற்க வேண்டியிருக்கிறது. நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுப்படுவது, சும்மா நிற்பது போலத் தெரியும் நேரம்தான்.

பழைய கேள்வி

மூன்றாம் நாள் நான் பெரும்பாலும் பதிவதை நிறுத்திவிட்டேன். அப்புறம் சில வாரம் படித்தேன். செவிலியரின் நேரம் எங்கே போகிறது என்ற கேள்வி நவீன நிர்வாகத்தின் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். 1853-ல், கிரிமியப் போருக்குப் போவதற்கு முந்தைய வருஷம், லண்டன் ஹார்லி தெருவில் ஒரு சிறிய மருத்துவமனையின் பொறுப்பை ஏற்கும் நேரத்தில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் ஒரு கடிதம் எழுதுகிறார். எல்லாத் தளத்துக்கும் குழாயில் சுடுதண்ணீர் வர வேண்டும், நோயாளிகளின் சாப்பாட்டை மேலே ஏற்ற ஓர் இழுவை வேண்டும், எந்த நோயாளி மணியடித்தார் என்று செவிலியருக்குப் பார்த்தவுடன் தெரிகிற மாதிரி மணி வேண்டும் என்று கேட்கிறார். இது இல்லாவிட்டால் செவிலியர் ஒரு ஜோடிக் கால்களாக மாறிவிடுவார் என்பது அவர் வாதம். கையில் கடிகாரம் வைத்து யாரையும் துரத்தவில்லை அவர். கட்டடம் செவிலியரின் நேரத்தைத் தின்கிறது என்று பார்த்தார், கட்டடத்தை மாற்றச் சொன்னார்.

அறுபது வருஷம் கழித்து ஃபிராங்க் கில்பிரெத் அறுவை அரங்கைப் படம் பிடித்தார். செங்கல் அடுக்குவதில் எத்தனை அசைவு வீண் என்று எண்ணியவர். அறுவை சிகிச்சை நிபுணர் கருவியைத் தேடித் தேடி எடுப்பதைப் பார்த்து, பக்கத்தில் நிற்பவர் கேட்டவுடன் கையில் கொடுக்கட்டும் என்றார். இன்று உலகம் முழுக்க அறுவை அரங்குகளில் நடப்பது அதுதான். நோயாளி மேசையில் கிடக்கும் நேரம் குறைந்தது, மறுக்க முடியாத நன்மை. ஆனால் என் தொழிலில் ஒரு கண் மறைப்பு உண்டு, அது இங்கேயே தெரிகிறது. நிபுணரின் தேடல் மறைந்துபோகவில்லை. அடுத்து எந்தக் கருவி வேண்டியிருக்கும் என்று முன்கூட்டி யோசித்துக்கொண்டே நிற்கும் வேலையாக அது செவிலியரின் தலைக்குள் போய்ச் சேர்ந்தது. அங்கே போனதும் அதை யாரும் படம் பிடிக்க முடியவில்லை.

அப்படிக் கைமாறி வந்த வேலைகள் வார்டில் எத்தனை! மருந்தகத்தில் ஆள் குறைந்தால் மருந்து வந்ததா என்று துரத்துவது செவிலியர். கணினி வந்தபின் எழுத்தர் செய்த பதிவைச் செய்வது செவிலியர். ஸ்கேனுக்கு அழைத்துப்போக ஆள் வராவிட்டால் சக்கர நாற்காலியைத் தள்ளுவதும் அவர்தான். அந்தந்தப் பிரிவின் கணக்கில் அது சேமிப்பு. செவிலியரின் கணக்கில் வரவு வைக்கத் தலைப்பே கிடையாது.

ஆன் ஹென்ட்ரிக் குழுவினர் அமெரிக்காவில் 36 மருத்துவமனைகளில் 767 செவிலியர்களை வைத்துச் செய்த ஆய்வு 2008-ல் வந்தது. பொது மருத்துவ, அறுவை வார்டுகளில் செவிலியப் பணிக்கான நேரத்தில் எழுத்து வேலைக்கு மட்டும் 35 சதவீதத்துக்கு மேல் போனது. மற்றவர்களோடு பேசி ஒருங்கிணைக்க 20 சதவீதத்துக்கு மேல். நோயாளிக்கு நேரடியாகச் செய்யும் பராமரிப்புக்கு 19 சொச்சம், மருந்து கொடுக்க 17 சொச்சம். நோயாளியைப் பரிசோதிப்பதற்கும் வைட்டல்ஸுக்கும் சேர்த்து 7 சொச்சம்தான். பகல் ஷிஃப்டின் பத்து மணி நேரத்தில் ஒருவர் நடந்தது ஒன்றிலிருந்து ஐந்து மைல் வரை. எனக்கு இந்த எண்களில் உறுத்துவது அந்த ஏழு. என் பெரியவரின் மூச்சு அந்த ஏழுக்குள் இருக்கிறது. எழுத்து வேலையின் முப்பத்தைந்தை இரண்டு மூன்று புள்ளி குறைத்தாலே பரிசோதிக்கும் நேரம் கண்கூடாகக் கூடிவிடும். வேகமாக நடக்கச் சொல்லி யாரையும் துரத்த வேண்டியதில்லை.

வேகம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜோஹன்னா வெஸ்ட்புரூக் குழுவினர் சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் 4,271 முறை மருந்து கொடுப்பதைக் கவனித்தார்கள், 2010-ல் வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்ட தடவை நடுவில் யாராவது குறுக்கிட்டார்கள். ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருந்துப் பிழை 12 சதவீதத்துக்கு மேல் கூடியது. டிராலியைத் தள்ளிக்கொண்டு போகும் சிஸ்டரிடம், "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்று கேட்காதவர்கள் நம்மில் யார்? நானே மூன்று நாளில் எத்தனை முறை கேட்டேன், இப்போது என்ன செய்கிறீர்கள், இதை எந்தத் தலைப்பில் போடட்டும் என்று. மருந்து எண்ணும்போதும் கேட்டிருக்கிறேன்.

பட்டியலை அவர்கள் எழுதியபோது

நிர்வாகத்திடம் போய், என் பட்டியல் தப்பு, இன்னொரு முறை செய்ய வேண்டும் என்றேன். சுலபமாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் ஒத்துக்கொண்டார்கள். இந்த முறை பட்டியலை எழுதியது வார்டுச் செவிலியர்கள். ஆளைப் பின்தொடரவும் இல்லை. சட்டைப்பையில் ஒரு சின்னக் கருவி, எதிர்பாராத நேரத்தில் அதிரும், அந்த நொடியில் என்ன செய்கிறார்கள், எதற்காகச் செய்கிறார்கள் என்று அவர்களே குறித்துக்கொள்வார்கள். கை வேலையாக இருந்தால் குறிக்காமல் விட்டுவிடலாம். இதிலும் ஓட்டை உண்டு, தெரியும். தன்னைப் பற்றித் தானே குறிப்பவர் கொஞ்சம் நன்றாகவே குறிப்பார். ஆனால் என்னால் பார்க்க முடியாததை இதில் பார்க்க முடிந்தது.

அவர்கள் எழுதிய பட்டியலை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் 'நடத்தல்' அதில் இரண்டாகப் பிரிந்திருந்தது: நோயாளியிடம் போக நடப்பது, பொருளுக்காக நடப்பது. 'தேடுதல்' தனித் தலைப்பு. 'கையெழுத்துக்குக் காத்திருத்தல்' தனித் தலைப்பு. 'ஒரே விஷயத்தைத் திரும்ப எழுதுதல்' என்று ஒன்று. ஒரு பிபி முதலில் மைக்ரோபோர் டேப்பிலும், அப்புறம் சார்ட்டிலும், அப்புறம் கணினியிலும் ஏறுகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'வேறொருவர் வராததால் செய்தது' என்று ஒரு தலைப்பு. 'பார்த்துக்கொண்டு நிற்பது' என்றும் ஒன்று. அதை எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை.

அதிலிருந்து வந்த மாற்றங்கள் எதுவும் பெரிய விஷயம் இல்லை. பம்புகளுக்கு ஓர் அலமாரி, பக்கத்திலேயே பிளக் பாயிண்ட், யார் எடுத்தாலும் அங்கேயே திருப்பி மாட்ட வேண்டும் என்ற ஒரு விதி. கேனுலா, சிரிஞ்ச், பஞ்சு எல்லாம் ஸ்டோர் அறையிலிருந்து வார்டின் நடுவுக்கு வந்தன. இரவில் இண்டென்ட் கையெழுத்து இல்லாமல் எடுக்கக்கூடிய பொருள்களுக்கு ஒரு பட்டியல். மருந்து டிராலி நகரும் நேரத்தில் போனை எடுக்க வேறொருவர். சார்ட்டில் ஏறினால் போதும் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை நிறுத்தினார்கள். அதை யார் படிக்கிறார்கள் என்று விசாரித்தபோது யாருமே படிப்பதில்லை என்று தெரிந்தது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் 2007-ல் ஆரம்பித்த 'புரொடக்டிவ் வார்டு' திட்டமும் இப்படித்தான் போயிருக்கிறது. வார்டில் வேலை செய்கிறவர்களே தங்கள் நேரத்தைப் பார்த்து, அலமாரியையும் தட்டையும் முதலில் ஒழுங்கு செய்வது. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே, பராமரிப்புக்காக நேரத்தை விடுவிப்பது என்ற பொருளில் ஒரு பின்னொட்டு உண்டு. விடுவித்த நேரம் யாருக்குப் போகும் என்பதைப் பெயரிலேயே எழுதிவைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏனென்றால் அங்கேதான் சண்டை வரும், எங்களுக்கும் வந்தது. ஆளுக்கு இருபது நிமிஷம் மிச்சமாகிறது என்றால், இருபத்துநான்கு பேருக்குச் சேர்த்து எட்டு மணி நேரம், அப்படியானால் ஓர் ஆள் மிச்சம்தானே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். காகிதத்தில் கணக்குச் சரி. ஆனால் அந்த இருபது நிமிஷம் ஒரே துண்டாக எங்கும் கிடைக்காது. இங்கே ஒன்றரை நிமிஷம், அங்கே நாற்பது விநாடி என்று மூன்று ஷிஃப்டுக்கும் இறைந்து கிடக்கும். அதையெல்லாம் கூட்டி அள்ளி ஓர் ஆளாக்க முடியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு நிமிஷம் நிற்க மட்டும்தான் அது உதவும். ஆளைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு லிண்டா ஐக்கன் குழுவினர் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை வைத்து 2002-லேயே எழுதிவிட்டார்கள்: ஒரு செவிலியரின் கணக்கில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறந்துபோகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. இதைக் கூட்டத்தில் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மிச்சமாகும் நேரத்தை ஆள் குறைப்புக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்த பிறகுதான் இரண்டாம் ஆய்வின் முடிவுகளைத் தருவேன் என்றேன். ஒரு வாரம் இழுத்தார்கள். கொடுத்தார்கள்.

முதல் ஆய்வின் பதிவுகள் இன்னும் என்னிடம் இருந்தன. அறிக்கை எழுதும் முன் 'வேலை இல்லை' என்று நான் அழுத்தியிருந்த இடங்களையெல்லாம் நேரத்தோடு அச்செடுத்துக்கொண்டு போய் அந்தச் சிஸ்டரிடம் காட்டினேன். டூட்டி முடிந்து கிளம்பும் நேரம். பையைத் தோளில் மாட்டியபடியே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது அந்தத் தாத்தா." "இது பன்னிரண்டாம் நம்பர் அம்மா, அவங்க பொண்ணு வரலைன்னு அழுதாங்க, கொஞ்ச நேரம் பக்கத்துல நின்னேன்." "இது கணக்குப் போட்டுட்டு இருந்தேன் சார், டிரிப் எத்தனை சொட்டு வைக்கணும்னு, மனசுக்குள்ள." ஒன்றைக் காட்டி, "இது நிஜமாவே சும்மாதான் நின்னேன், கால் வலிச்சிச்சு" என்றார். மற்றவற்றைப் பார்த்து ரொம்ப யோசித்தார். "ஞாபகம் இல்ல சார். ஏதோ பண்ணிட்டுதான் இருந்திருப்பேன்."

அவர் நினைவுக்கு வந்தவற்றைத் திருத்தினேன். கால் வலித்ததை இடைவேளையில் சேர்த்தேன், அது அவருக்கு உரிய நேரம். மீதி இருந்தவற்றுக்கு அறிக்கையின் அட்டவணையில் ஒரு புது வரிசை போட்டு, 'பார்த்தவருக்குப் புரியவில்லை' என்று தலைப்பு வைத்தேன். இறுதி வடிவத்துக்கு அனுப்பும்போது அந்த வரிசையை எடுத்துவிடலாமே என்று கேட்டார்கள். எடுக்கவில்லை.